கால் அங்குலத் தொய்வு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் கடைக்கு ஒருவராவது இருந்தார்கள்: புல்லட்டை ஐட்லிங்கில் ஓடவிட்டு, இடப்பக்கம் குனிந்து கேட்டுவிட்டு, கவரைக் கழற்றாமலே உள்ளே செயின் எவ்வளவு தொங்குகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள். பிறகு கவரைக் கழற்றி ஸ்கேல் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் இருக்கும். பார்த்தவர்கள் அதைக் கைராசி என்றார்கள். நான் அதை அறிவு என்பேன். அளக்கலாம், சரிபார்க்கலாம், அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்; காலடிப்பேட்டையில் கடை போட்டபிறகு என்னிடம் வந்த பையன்களுக்கு நானும் சொல்லிக்கொடுத்தேன். புல்லட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் கம்பீரத்தையும் இமயமலைப் பயணத்தையும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்த இடப்பக்கக் கவருக்குள் இருக்கும் செயினைப் பற்றியும், அதைக் கேட்டுப் பழகிய காதுகளைப் பற்றியும் எழுதியதாக என் கண்ணில் பட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பைக்கில் செயின் என்றால் பின்சக்கரத்துக்குப் போகிற செயினைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். பழைய புல்லட்டில் அதற்கு முன்னால் இன்னொன்று உண்டு. எஞ்சினில் பிறக்கும் சக்தியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகிற செயின். பிரைமரி செயின் என்பது அதன் பெயர். 350 புல்லட்டில் எஞ்சின் பக்கம் 25 பல், கிளட்ச் பக்கம் 56 பல். இடையில் இரட்டை வரிசைச் செயின், எண்ணெயில் முழுகியபடி, அலுமினியக் கவருக்குள் ஓடும். பிரித்துச் சேர்க்கிற லாக் எதுவும் அதில் கிடையாது, முழு வளையம். கழற்ற வேண்டுமென்றால் எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டையும் கிளட்சையும் சேர்த்தே இழுத்து எடுக்க வேண்டும்.

இந்தச் செயினின் வரலாறு மான்செஸ்டரில் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு 1879இல் அங்கே சால்ஃபோர்டில் ஒரு சிறிய செயின் தொழிற்சாலையை வாங்கி, அடுத்த ஆண்டே புஷ்ஷும் ரோலரும் கொண்ட செயினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று சைக்கிளிலும் பைக்கிலும் ஓடுவது அதே அமைப்புதான். அதே நாட்டில், ஊசி செய்வதற்குப் பேர்போன ரெட்டிச் என்ற ஊரில், 1851இல் ஜார்ஜ் டவுன்சென்ட் தொடங்கிய ஊசிப்பட்டறை பின்னால் சைக்கிளுக்கு மாறி, கைமாறி, ராயல் என்ஃபீல்டு ஆனது. 1901இல் அவர்கள் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 1912இல் பின்சக்கர ஹப்புக்குள் ரப்பர் வைத்து, எஞ்சின் இழுக்கிற இழுப்பின் அதிர்ச்சியைச் செயினில் ஏறாமல் தணித்தார்கள். அந்த ரப்பர்கள் புல்லட்டில் இன்னமும் இருக்கின்றன. செயினுக்கு என்ன வலி என்று முதலிலேயே யோசித்த கம்பெனி அது.

நம் கதைக்கு முக்கியமான முடிவு 1949இல் விற்பனைக்கு வந்த புல்லட்டில் எடுக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி. இரண்டும் ஃபிரேமில் தனித்தனியாகப் பிளேட்டுகளில் உட்கார்ந்திருக்கும். பிரைமரி செயின் தொய்ந்தால் கியர் பாக்ஸின் போல்ட்டைத் தளர்த்தி, பாக்ஸையே பின்னுக்கு இழுத்து இறுக்கிவிடுவார்கள். நார்ட்டனில் அப்படி, மேட்ச்லெஸ்ஸில் அப்படி. ரெட்டிச்காரர்கள் புல்லட்டில் கியர் பாக்ஸை எஞ்சினின் முதுகில் நேராக போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். இரண்டும் ஒரே கட்டியாயின. ஃபிரேம் முறுக்கிக்கொண்டாலும் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள நேர்கோடு கலையாது. நல்ல யோசனை. ஆனால் பாக்ஸ் நகராது என்றால் செயினை இறுக்குவது எப்படி? கவருக்குள்ளேயே, செயினின் கீழ் ஓட்டத்துக்கு அடியில், வளைந்த ஒரு பேடை வைத்தார்கள். அதை நட்டுப்போட்டு மேலே தூக்கினால் செயின் இறுகும். அதுதான் டென்ஷனர்.

கீழே வைத்ததற்குக் காரணம் உண்டு. எஞ்சின் முன்னோக்கிச் சுழலும்போது செயினின் மேல் ஓட்டத்தைத்தான் இழுக்கிறது. மேல்பக்கம் விறைப்பு, கீழ்பக்கம் தொய்வு. தொய்கிற பக்கத்தில்தான் தாங்கல் வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் கதை தலைகீழாகிறது. பின்சக்கரம் எஞ்சினைத் தள்ள, கீழ் ஓட்டம் விறைத்து, பேடின்மேல் அழுந்துகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நான் சொல்லப்போகும் சத்தங்களில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

கியர் பாக்ஸை எஞ்சினோடு இறுக்கிய அந்த முடிவின் விளைவு வேறொரு கண்டத்தில் தெரிந்தது. நார்ட்டனில் செயின் தொய்ந்ததா என்று மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்து, வெளியிலிருந்தே பாக்ஸை நகர்த்திவிடலாம். புல்லட்டிலும் மேலே ஒரு சின்னத் துளை உண்டு, தொட்டுப் பார்க்கலாம். சரிசெய்ய வேண்டுமென்றால் இடது ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, பிரேக் பெடலை விலக்கி, எண்ணெயை வடித்து, நடுவிலுள்ள ஒற்றை நட்டை எடுத்து, கவரைப் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் எண்ணெய் கசியும். கசிகிறதே என்று அந்த ஒற்றை நட்டை மேலும் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி இன்னும் கசியும். ஆகவே திறப்பதற்கு முன்னால் திறக்க வேண்டுமா என்று தெரிந்தாக வேண்டும். வண்டிக்காரர் அரை நாள் கூலி கொடுத்துவிட்டு, "உள்ளே ஒண்ணுமில்லை சார்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு போகமாட்டார். காது பழகியது அந்தக் கட்டாயத்தில்தான்.

மெட்ராஸுக்கு இந்த வண்டி வந்த விதம் பலருக்குத் தெரிந்ததே. கே. ஆர். சுந்தரம் ஐயர் 1949இல் மெட்ராஸ் மோட்டார்ஸைத் தொடங்கி நார்ட்டன், மேட்ச்லெஸ், ராயல் என்ஃபீல்டு மூன்றையும் இறக்குமதி செய்து விற்றார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராணுவம் 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது; திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. 1956இல் வேலை ஆரம்பமாகி அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளியே வந்தன. அவை இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டிச் செய்தவை. 1957இல் அச்சுகளும் கருவிகளும் விலைக்கு வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்த நாட்டிலேயே செய்யப்பட்டன. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்த வண்டி பிறக்கவேயில்லை. கடற்கரையோரத்து ஒற்றியூரில் அதே எஞ்சின், அதே கியர் பாக்ஸ், அதே டென்ஷனர் ஆண்டுக்கணக்கில் பிறந்துகொண்டிருந்தன.

வண்டி மாறாமல் இருந்தது பெரிய விஷயம். அதைப் பிற்போக்கு என்று சொல்பவர்கள் உண்டு. தொழில் கற்றவன் பார்வையில் அது வேறு. ஒரே எஞ்சின் முப்பது நாற்பது ஆண்டுகள் மாறாமல் ஓடும்போது, அதில் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் பதிவாகிவிடுகிறது. அப்பா கேட்ட சத்தத்தை மகனும் கேட்கிறான். தொழிற்சாலையில் அசெம்பிளியில் வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் வீட்டு வாசலில் தெரிந்தவர்களின் வண்டியைப் பிரிப்பார்கள். என் சித்தப்பா அப்படித்தான். உள்ளே ஜிக்கும் கேஜும் வைத்துச் செய்த வேலையை வெளியே காதும் விரலும் வைத்துச் செய்வார். தொழிற்சாலையின் அளவுகளுக்கும் தெருவின் காதுக்கும் நடுவில் பாலம் போட்டவர்கள் இந்தத் தொழிலாளிகள். அவர்களிடமிருந்துதான் கடை மேஸ்திரிகள் "கால் அங்குலம்" என்ற கணக்கை வாங்கினார்கள்: மேல் ஓட்டத்தின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் கால் அங்குலம் ஆட வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது.

இனி கேட்கிற முறைக்கு வருகிறேன்.

முதலில் எண்ணப் பழக வேண்டும். எஞ்சினில் பல தாளங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. டாப்பெட் சத்தம் கிராங்க் இரண்டு சுற்று வரும்போது ஒருமுறை வரும், ஏனென்றால் கேம் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. எஞ்சினின் வெடி கேட்கிற தாளமும் அதுவே. கிராங்கின் முனையில் உள்ள மேக்னெட் எதிலாவது உரசினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, அதாவது டாப்பெட்டைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும். கிளட்ச் டிரம் இரண்டே கால் சுற்றுக்கு ஒருமுறை. செயின் முழு வளையம் ஒருதரம் வருவதற்குள் கிராங்க் அதைவிடக் கூடுதலாகச் சுற்றிவிடும். ஆகவே செயினில் ஒரு கண்ணி இறுகிப்போயிருந்தால் அந்தச் சத்தம் எல்லாவற்றிலும் மெதுவாக, வெடியோடு ஒட்டாமல், தன்போக்கில் வந்துபோகும். "வெடியோட சேருதா, சேராம போவுதா? அத்த மொதல்ல சொல்லு, அப்புறம் ஸ்பானர எடு" என்பார் எங்கள் மேஸ்திரி. வெடியோடு சேர்ந்தால் மேலே பார். சேராமல் போனால் இடப்பக்கம் பார். இதைச் சொல்லித்தர அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. தொடையில் ஒரு கையால் வெடியையும், பெட்ரோல் டேங்கில் இன்னொரு கையால் சத்தத்தையும் தட்டிக் காட்டுவார்.

அடுத்தது ஆக்ஸிலேட்டர். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஐட்லிங்கில் ஒரே சீராகச் சுழலாது. வெடிக்கும்போது முன்னால் பாயும், கம்ப்ரெஷனில் தயங்கும். அந்தப் பாய்ச்சலுக்கும் தயக்கத்துக்கும் நடுவில் தொய்ந்த செயின் ஒருமுறை விறைத்து ஒருமுறை விழும். கவருக்குள் தடதடவென்று கேட்கும். அலுமினியக் கவர் தவிலின் தோலைப் போல அதைப் பெரிதாக்கி வெளியே தரும். கொஞ்சம் முறுக்கினால் சுழற்சி சீராகி, மேல் ஓட்டம் விறைத்தபடியே நிற்பதால் சத்தம் அடங்கும். பிறகு சட்டென்று விட்டால் கீழ் ஓட்டம் விறைத்து, தொய்வு முழுவதும் மேலே ஏறி, சத்தம் மறுபடி எழும். ஐட்லிங்கில் இருந்து, முறுக்கினால் மறைந்து, விட்டதும் திரும்புவதுதான் தொய்ந்த செயினின் அடையாளம். பிஸ்டன் அடிக்கிற சத்தம் இப்படி நடக்காது. அது குளிர்ந்த எஞ்சினில் அதிகமாகவும் சூடானபின் குறைவாகவும் இருக்கும். பிக் எண்ட் போயிருந்தால் ஏற்றத்தில் இழுக்கும்போது அடி ஆழமாக விழும்.

மூன்றாவது கிளட்ச் லீவர். வண்டி நியூட்ரலில் இருக்க, லீவரைப் பிடித்தால் கியர் பாக்ஸின் உள்தண்டு நின்றுவிடும். கிளட்சின் வெளி டிரம்மும் செயினும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். லீவரைப் பிடித்ததும் சத்தம் போனால் கியர் பாக்ஸ் பக்கமோ கிளட்ச் பிளேட்டுகளிலோ தேட வேண்டும். போகாவிட்டால் செயினோ மேக்னெட்டோ எஞ்சினோ. பிடித்ததும் சத்தம் கூடினால் கிளட்ச் டிரம்மின் பேரிங்கை ஆட்டிப் பார்க்க வேண்டும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கவரில் வைத்து, மரக்கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பது இதற்கப்புறம்தான். முன்னால் மேக்னெட் இருக்கும் இடம், நடுவில் டென்ஷனர், பின்னால் கிளட்ச் என்று மூன்று இடத்தில் வைத்துக் கேட்டால் எங்கே ஓங்கி ஒலிக்கிறது என்று தெரிந்துவிடும். பையன்கள் எடுத்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குவார்கள். மேஸ்திரி பிடுங்கி வைத்துவிடுவார். தாளத்தையும் ஆக்ஸிலேட்டரையும் லீவரையும் கேட்காதவன் காதில் அந்த இரும்பு வழியாக எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் இறங்கும்.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகமுடியாது. மேக்னெட்டை இறுக்கிப் பிடிக்கிற நட்டு தளர்ந்தால் அது கிராங்கின் முனையில் ஆடும். அப்போது வருகிற அடி, கேட்பதற்குப் பிக் எண்ட் போன மாதிரியே கனமாக இருக்கும். அவசரக் காதுக்கு வித்தியாசம் தெரியாது. "கிராங்க் போச்சு" என்று ஒரு கடையில் சொல்லிவிட்டால், எஞ்சின் கீழே இறங்கி, இரண்டாகப் பிளந்து, கிராங்க் பிரஸ்ஸுக்குப் போய், வண்டிக்காரரின் ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும். போஸ்ட்மேன்களும் பால்காரர்களும் அப்படிக் கடன் வாங்கிச் செலவு செய்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடப்பக்கக் கவரைத் திறந்து நட்டை ஒரு சுற்று இறுக்கியிருந்தால் தீர்ந்திருக்கும். எங்கள் மேஸ்திரியிடம் இருந்த கண்டிப்பான சட்டம் இது: அடி எவ்வளவு கனமாகக் கேட்டாலும், இடப்பக்கக் கவரைத் திறந்து செயினைக் கழற்றி வைத்துவிட்டுக் கையால் சுழற்றிப் பார்க்காமல் கிராங்கைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. செயின் இல்லாமல் சுழலும் கிராங்கில் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் சாட்சி. கிக்கர் கியர் பாக்ஸ் வழியாகச் செயினைச் சுற்றித்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது என்பதால், செயினைக் கழற்றியபின் உதைக்க வழியில்லை. கிராங்க் முனையை ஸ்பானர் போட்டுச் சுழற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று கையால் உணர வேண்டும்.

கவரைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயை. வடித்த எண்ணெயைப் பழைய தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்ப்போம். கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தால் டென்ஷனர் பேட் தேய்கிறது. வெள்ளி மினுமினுப்பு இருந்தால் செயின் கவரை உரசியிருக்கிறது. கவரின் உள்பக்கம் கோடு விழுந்திருக்கும். பழுப்புத் துணுக்கு கிளட்சிலிருந்து வருவது. எண்ணெயே இல்லை என்றால் மேற்கொண்டு எதையும் யோசிக்காமல் ரப்பர் வளையத்தை மாற்றி, சரியான அளவு ஊற்றி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். வறண்டுபோன செயின் போடும் சத்தம் பாதி வண்டிகளில் அதோடு நின்றுவிடும்.

பிறகு செயின். கிக்கரை மெல்ல அழுத்திச் செயினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் விரல் வைத்து ஆட்ட வேண்டும். எந்தச் செயினும் ஒரே மாதிரித் தேயாது. ஓரிடத்தில் கால் அங்குலம் ஆடும், இன்னோரிடத்தில் அரை அங்குலம். எங்கே அதிகம் விறைப்பாக இருக்கிறதோ அந்த இடத்தில்தான் கால் அங்குலம் வைக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் வைத்து இறுக்கினால், விறைப்பான இடம் சுற்றி வரும்போது கியர் பாக்ஸ் பேரிங்கும் எஞ்சினின் இடப்பக்க பேரிங்கும் சேர்ந்து கதறும். குளிர்ந்த எஞ்சினில் விறைப்பாக வைப்பதும் அதே தவறு. அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். சூடேறினால் எஞ்சின் தண்டுக்கும் கிளட்ச் தண்டுக்கும் உள்ள தூரம் செயினைவிடச் சற்றுக் கூடிவிடும். காலையில் சரியாக இருந்தது மதியம் கம்பியாகிவிடும். இறுகிய செயினுக்குத் தடதடப்பு கிடையாது, வேகத்தோடு ஏறுகிற ஒரு ஊளைதான். தொய்ந்த செயினைவிட இது மோசம். தொய்ந்தது சத்தம் போட்டு எச்சரிக்கிறது. இறுகியதைப் பலரும் நல்ல எஞ்சின் சத்தம் என்று நினைத்து ஓட்டுவார்கள்.

செயினை வெளியே எடுத்து அளந்து, ஓரடி நீளத்துக்குக் கால் அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். இரும்பு நீள்வதில்லை, பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் இடைவெளி விட்டதுதான் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. டென்ஷனரின் நட்டு முழுவதும் ஏறி, பேட் உச்சத்துக்கு வந்துவிட்டாலும் அதே முடிவுதான்.

செயின் வாங்குவது ஒரு காலத்தில் லேசான காரியமில்லை. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டிய காலம். அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ் வந்து, பின்னால் அமெரிக்காவின் டைமண்ட் கம்பெனியோடு சேர்ந்து செயின் செய்ய ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூரில் எல்ஜிபி ரோலான் செயினைச் செய்தார்கள். மெட்ராஸ் மெக்கானிக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் நல்ல செயின் கிடைத்தது அந்த இரண்டு ஊர்களின் புண்ணியம். புதிது வாங்க முடியாதவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் புதுப்பேட்டை இருந்தது. அங்கே கழித்த வண்டிகளிலிருந்து வந்த செயின்கள் கொக்கியில் தொங்கும். பக்கவாட்டில் படுக்கப்போட்டு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால், நல்ல செயின் அதிகம் வளையாமல் நீட்டிக்கொண்டு நிற்கும், தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும். கடைக்காரர் பேசுகிற விலையைவிட அந்த வளைவைத்தான் நம்புவோம்.

டென்ஷனர் பேட் கதை வேறு. அது கிடைக்காத மாதங்களில் தேய்ந்த பேடை வல்கனைசிங் கடைக்குக் கொண்டுபோய் ரப்பர் ஒட்டி வாங்குவார்கள். டயர் ரப்பரை ஒட்டினால் எண்ணெயில் ஊறி உப்பி, செயினை இறுக்கி, பிறகு பிய்ந்து கிளட்சுக்குள் போய்விடும். எண்ணெயைத் தாங்குகிற ரப்பர் வேறு என்பது தெரிந்த கடைகள் சிலவே. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரியவர் ஆயில் சீல் செய்கிற ரப்பரை வாங்கி வந்து ஒட்டிக்கொடுப்பார். அவர் ஒட்டிய பேடில் செயினின் இரட்டை வரிசை இரண்டு பள்ளக் கோடுகளாக அழகாகப் பதிந்து, வருஷக்கணக்கில் ஓடும். கோடு இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால் ஸ்ப்ராக்கெட்டுகள் நேராக இருக்கின்றன. ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் இருந்தால் நேர்கோடு கெட்டிருக்கிறது. பேடைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் எங்களுக்கு வந்தது.

"புல்லட்டுன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்ற பேச்சோடு நான் வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டிருக்கிறேன். வெடிச்சத்தம் வேறு, இரும்பு இரும்பை அடிக்கிற சத்தம் வேறு. சரியாகப் பூட்டிய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் ஐட்லிங்கில் நிற்கும்போது வெடியும், மெல்லிய டாப்பெட்டும் தவிர எதுவும் கேட்கக் கூடாது. 1956இல் ஒற்றியூரில் பூட்டியபோது அப்படித்தான் பூட்டினார்கள் என்று சித்தப்பா சொல்வார்; சத்தம் போடுகிற வண்டியை வெளியே விடமாட்டார்களாம்.

1994இல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. பிறகு வந்த மாற்றங்களில் எங்கள் தொழிலைத் தொட்டது 2008இலிருந்து வந்த யூசிஇ எஞ்சின். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே வார்ப்பு. டாப்பெட் ஹைட்ராலிக் ஆகித் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொண்டது. பிரைமரி செயின் இருந்தது, டென்ஷனர் மட்டும் தானே இறுக்கிக்கொள்கிற வகையாக மாறியது. இதில் ஒரு விசித்திரம் நடந்தது. டாப்பெட் சத்தம் போனதும், அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த செயின் சத்தம் வண்டிக்காரர்களின் காதில் முதல்முறையாக விழுந்தது. முன்பு இல்லாத சத்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். கால் அங்குலம் வைக்க நட்டு இல்லை. தானியங்கி டென்ஷனரின் ஸ்பிரிங்கும் பேடும் செயினும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து மாற்றலாம், அவ்வளவுதான். கைவேலை சுருங்கியது. காது வேலை அப்போதும் இருந்தது.

2020இல் மீட்டியாரோடு வந்த ஜே வகை எஞ்சினில் பிரைமரி செயினே இல்லை. கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் பல்சக்கரம் நேராகப் பல்சக்கரத்தோடு பேசுகிறது. 2021இல் கிளாசிக்கும், 2023 செப்டம்பரில் புல்லட்டும் அந்த எஞ்சினுக்கு மாறின. பிரைமரி செயின் இல்லாத புல்லட்டை நான் ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. பல்சக்கரம் தொய்வதில்லை, அதற்குப் பேடும் வேண்டாம். ஆனால் தொழில் கற்கவரும் பையன் இனி எந்தத் தாளத்தை எண்ணிப் பழகுவான் என்ற கேள்வி என்னை விடவில்லை. எங்கள் காலத்தில் பிரைமரி செயின்தான் முதல் பாடம். அதில் பழகிய காது பிறகு டாப்பெட்டையும் பேரிங்கையும் பிக் எண்ட்டையும் தானாகவே பிரித்துக் கேட்டது.

வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. பேரனுக்காகத் தாத்தாவின் வண்டியைத் தூசு தட்டி எடுத்து வருகிறார்கள். அப்படி எடுத்து வருகிறவர்களுக்கும், அதைத் தொடப்போகிற இளம் மெக்கானிக்குகளுக்கும் சொல்கிறேன். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை நன்றாகச் சூடேற்றிக் கேளுங்கள். வெடியோடு சேர்கிறதா என்று எண்ணுங்கள். முறுக்கி விடுங்கள், கிளட்சைப் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் செயின்மேல் விழுந்தால் அணைத்துவிட்டு, எஞ்சின் முழுவதும் ஆறியபிறகு கவரைத் திறந்து, விறைப்பான இடத்தைத் தேடிப்பிடித்துக் கால் அங்குலம் வையுங்கள். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள், இறுக்கும்போது பேட் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கவரை மாட்டும்போது புது ரப்பர் வளையம் போடுங்கள், ஒற்றை நட்டை அளவோடு இறுக்குங்கள், எண்ணெய் ஊற்ற மறக்காதீர்கள்.